நித்தியக் கொடையும் நைமித்திகக் கொடையும்

திருக்கோயிற் கிரியைகளை நித்தியம், நைமித்திகம், காமியம் என மூவகையாகப் பகுத்தல் ஆகம வழக்கு. நாடோறும் தவறாது நிகழ்வது நித்தியம். ஒரு நிமித்தம் பற்றி உரிய காலத்தில் நிகழும் திருவிழா முதலியன நைமித்திகம். பயன் குறித்துச் செய்வது காமியம். இப்பத்திரிகையின் வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின் கொடை என்னும் அறத்தையும் இப்பகுப்பின்கண் வைத்து நோக்குதல் தகும் என்பதும், அங்ஙனம் நோக்குமிடத்து இக்காலத்து உலகினரின் கொடை பெரும்பாலும் நைமித்திகமாகவே நின்று, நித்தியம் நலிந்து கிடப்பது புலனாம் என்பதுமே யாம் ஈண்டு எழுதப் புகுந்த பொருள். அந்நலிவினாற் கேடுறுவார் யாவரெனின், உலகத்தார் பார்வை படாத இடத்திற் பசித்திருப்போர் என்க.

திருவிழா நாளில் வீதி கொள்ளாத கூட்டம் கூடுகின்றது. தேர்வடத்தைத் தொடாது மீள்வார் அரியர். அதே திருக்கோயிலில் ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றின் வைகறையிற் பூசை நிகழுங்கால், அருச்சகரும் ஓதுவாரும் காவலரும் அன்றிப் பிறிதொருவரும் இல்லாதிருத்தலும் உண்டு. எனினும் திருவிளக்கு எரிகின்றது, அமுதுபடி அளக்கப்படுகின்றது. எதனாலெனின், முன்னோர் அதன்பொருட்டுக் கட்டளை ஏற்படுத்தி நிலம் எழுதிவைத்தமையால். அடியார்தம் அன்பு மெய்யானதே. ஆயினும் அஃது ஏறியிறங்கும் இயல்பினது என்பதை அவர்கள் நன்கு அறிந்திருந்தனர். ஆதலின் நெய்யையும் அரிசியையும் அவ்வேற்றத் தாழ்வின் பொறுப்பில் விட்டுவைக்க அவர்கள் உடன்படவில்லை.

இனி, பசித்தோர்க்கு ஈதலில் நாம் செய்வதென்ன? ஒரு நகரம் நிலநடுக்கத்தால் இடிந்து வீழ்ந்தது என்றால், அன்று மாலைக்குள் உலகெங்கும் உண்டியல் நிறைகின்றது. நன்று. ஆயின் பசியோ இடிந்து வீழ்வதன்று. அது மெல்ல வருவது. இன்ன நாளில் வந்தது என்று குறிக்கவொண்ணாதது. நிலநடுக்கம் ஒரு நிகழ்ச்சி. பசி ஒரு நிலை. நிகழ்ச்சி நிமித்தமாகும், நிலை நிமித்தமாதல் அரிது. ஆகவே நிமித்தம் வேண்டி நிற்கும் கொடை, பசியினிடத்து வந்து சேரும்பொழுது பெரும்பாலும் காலங் கடந்தே வந்து சேர்கின்றது.

இஃது எமது ஊகம் மட்டுமன்று. ஐசென்சே, ஸ்ட்ரோம்பெர்க் என்னும் அறிஞர் இருவர் 1968 முதல் 2002 வரை உலகில் நேர்ந்த ஏறத்தாழ 5,000 இயற்கைப் பேரிடர்களை எடுத்துக்கொண்டு, அமெரிக்க அரசாங்கம் அவற்றுள் எவற்றிற்கு உதவி செய்தது என ஆராய்ந்து 2007இல் தம் முடிபினை வெளியிட்டனர். ஒலிம்பிக் ஆட்டங்கள் நிகழும் நாட்களில் நேர்ந்த பேரிடர்கள், தொலைக்காட்சிச் செய்தியில் இடம்பெறாது போய், அக்காரணத்தானே உதவியும் குன்றின. பந்தயக் களத்தின் ஓட்டம் பசித்தோன் வாயிற் சோற்றை மறித்தது என்றே சொல்லவேண்டும். அவர்கள் கண்ட மற்றொன்று இன்னும் கொடிது. எரிமலையால் ஒருவர் இறந்தால் அமெரிக்கத் தொலைக்காட்சியில் அச்செய்தி இடம்பெறும் வாய்ப்பு எவ்வளவோ, அவ்வளவு வாய்ப்பினை உணவின்மையால் நேரும் சாவு பெறுதற்கு ஏறத்தாழ 40,000 பேர் இறத்தல் வேண்டுமாம்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1943இல் வங்காளத்து மக்கள் பல மாதங்களாகப் பசியால் மடிந்துகொண்டிருந்தனர். பஞ்சம் என்னும் சொல்லையே அரசாங்கம் முறைப்படி அறிவித்திலது. அவ்வாண்டு ஆகஸ்டு 22ஆம் நாள் கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகை தெருவிற் கிடந்தாரின் நிழற்படங்களை வெளியிட்ட பின்னரே புறவுலகம் திரும்பிப் பார்த்தது. இறந்தோர் தொகையைப் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் 30 லட்சம் அளவினதாகக் கணக்கிடுவர். படம் வெளிவருமுன் இறந்தாரும் பின் இறந்தாரும் ஒரே பசியால் இறந்தவரே.

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலையைத் தமிழ்மக்கள் மறந்திரார். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். உலகம் அள்ளிக் கொடுத்தது. 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' என்னும் தாபனத்தார், அலை எழுந்து சில நாட்களுக்குள்ளாகவே, இப்பணிக்கென எமக்கு வேண்டிய பொருள் வந்துவிட்டது, இனி இதன்பெயராற் கொடுக்கவேண்டா என்று வெளிப்பட அறிவித்தனர். முன்னரே கொடுத்தாரிடம், நீவிர் தந்ததை உலகம் நோக்காத வேறிடங்களுக்குப் பயன்படுத்த இசைவீரோ என வினவினர். மிகப் பெரும்பாலோர் இசைந்தனர்; மறுத்தோர் மிகச் சிலரே. அங்ஙனம் திருப்பப்பட்ட பொருளில் ஒரு பகுதி ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டிற்குச் சென்றது. அந்நாட்டில் 2004இல் மழை பொய்த்து வெட்டுக்கிளியும் பயிரை அழித்திருந்தது. உதவி வேண்டி 2005இன் முற்பகுதியில் விடுத்த வேண்டுகோளுக்கு உலகம் செவிசாய்க்கவில்லை. ஜூலை மாதத்தில் எலும்புந் தோலுமான குழந்தைகளின் படம் தொலைக்காட்சியில் வந்தது, பொருளும் வந்தது. அப்பொழுது ஐக்கிய நாடுகள் சபையின் துயர்துடைப்புத் தலைவராயிருந்த யான் எகலாண்டு, தொடக்கத்திலேயே ஈந்திருந்தால் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு டாலரில் முடிந்திருக்கும் காரியத்திற்கு, அக்குழந்தை சாகுந்தறுவாயில் 80 டாலர் வேண்டியதாயிற்று என்று கூறினார். கொடையாளர் கல்நெஞ்சினர் அல்லர் என்பதற்கும் இவ்வரலாறே சான்றாம். கேட்டவுடன் இசைந்தனர் அன்றோ? அவர்பால் இல்லாதது இரக்கமன்று. கேட்பாரின்றியே ஈயும் ஒழுங்கு.

சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு என்பது சித்தாந்தம். கண்முன் எது வைக்கப்படுகின்றதோ அதன் நிறத்தை மனம் ஏற்கின்றது. இக்காலத்தில் அதனை நம் கண்முன் வைப்போர் யாவர்? செய்தி விற்பார். அவரைக் குறை கூறுதல் எம் நோக்கமன்று. புதுமையே அவர்தம் பண்டம். ஓர் ஊரில் நேற்றும் பசி, இன்றும் பசி, நாளையும் பசி என்பதிற் புதுமையில்லை. ஆயின் நம் இரக்கத்தின் திறவுகோலை அவர் கையிற் கொடுத்துவிட்டு, நாம் இரங்குகின்றோம் என்று மகிழ்ந்திருத்தல் அறிவுடைமையாகாது.

இவ்வளவும் பொதுவகையாற் கூறினோம். இனிச் சூடான் நாட்டின் செய்தியைச் சிறிது விரிவாக நோக்குவோம். நீலநதியும் வெண்ணதியும் கூடுமிடத்துள்ள கார்ட்டூம் நகரைத் தலைநகராகவுடைய அந்நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 கோடி. 2023 ஏப்ரல் 15இல் அந்நாட்டுப் படைத்தலைவர் அல் புர்ஹானுக்கும், அவருடன் முன்னர்க் கூடியிருந்து ஆட்சியைக் கைப்பற்றிய விரைவுத் துணைப்படைத் தலைவர் தகாலோவுக்கும் போர் மூண்டது. 2025இன் தொடக்கத்தில் ஊர்விட்டு ஓடினோர் உள்நாட்டிலும் அயல்நாட்டிலுமாக 1 கோடியே 20 லட்சத்திற்கு மேற்பட்டிருந்தனர். 2024இன் நடுவில் மக்களுட் பாதிப்பேர், அஃதாவது ஏறத்தாழ 2 கோடியே 50 லட்சம் பேர், கடும்பசியில் இருந்தனர். அவருள் 7,55,000 பேர் பசியின் கடைநிலையை எய்தியிருந்தனர். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில், வட தார்பூரில் 5 லட்சம் பேர் அளவினர் தங்கியிருந்த சம்சம் என்னும் ஏதிலியர் முகாமிற் பஞ்சம் உண்டு என வல்லுநர் குழு முறைப்படி உறுதிசெய்தது. அருகிலுள்ள எல் பாஷர் நகரம் 2024 மே முதல் முற்றுகையிடப்பட்டு 2025 அக்டோபர் 26இல் வீழ்ந்தது. முற்றுகையின் இறுதி மாதங்களில் அந்நகர மக்கள் 'அம்பாஸ்' என்பதை உண்டு உயிர்தாங்கினர். அஃது யாதெனின், நிலக்கடலையை ஆட்டி எண்ணெய் எடுத்தபின் மாட்டிற்கு இடும் பிண்ணாக்கு. நம் செக்கடியிற் கிடப்பது அதுவே. பின்னர் அதுவும் கிடைத்தற்கரிதாயிற்று.

இவை மறைபொருளாக நிகழ்ந்தனவல்ல. அறிக்கைகள் திங்கள்தோறும் வெளிவந்தன, எண்கள் கணக்கிடப்பட்டன, மன்றங்கள் கூடிக் கலைந்தன. 2024ஆம் ஆண்டிற்கு ஐக்கிய நாடுகள் சபை சூடானுக்கென 270 கோடி டாலர் வேண்டிற்று. போர் மூண்டு ஓராண்டு நிறைந்த ஏப்ரலில் அத்தொகையிற் பத்திலொரு பங்கும் வந்திலது. 2025ஆம் ஆண்டிற்கு வேண்டிய 420 கோடியிற் பாதிக்கும் குறைவே கிடைத்தது. ஆகலின் மறக்கப்பட்ட துன்பம் என்று வழங்கும் தொடர் ஒருவாறு பிழையுடைத்து. மறத்தற்கு முன் நினைத்திருத்தல் வேண்டுமன்றோ? அறியாமையும் இதற்குக் காரணமன்று. அறிந்தும் நோக்காமையே காரணம்.

இவ்விடத்து ஒரு வரலாறு நினைவிற்கு வருகின்றது. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்துற்றபோது, நாவுக்கரசரும் ஞானசம்பந்தரும் நாடோறும் இறைவன்பால் ஒவ்வொரு படிக்காசு பெற்றுத் தத்தம் திருமடங்களில் அடியார்க்கு அமுதளித்தனர். அரசரது மடத்தில் உரிய பொழுதில் உணவு ஆயிற்று. பிள்ளையாரது மடத்திலோ பொழுது தாழ்ந்தது. காரணம் வினவியபோது, நாம் கொண்டுசெல்லும் காசிற்குக் கடைக்காரர் வாசி கேட்கின்றனர், அரசரது காசினை வாசியின்றி ஏற்கின்றனர் என்றனர் ஏவலர். அரசர் உழவாரங் கொண்டு கைத்தொண்டு செய்பவராதலின் அவர் காசு வாசியில்லாதது என்று உணர்ந்த பிள்ளையார், தம் காசின் வாசியும் நீங்கப் பதிகம் பாடிப் பெற்றனர். இவ்வரலாற்றின் உட்பொருளைப் பலர் பலவாறு விரிப்பர். எமக்கு இப்பொழுது வேண்டுவது அதன் வெளிப்படையான பொருளே. இருவர் காசும் பொன்னே. இரண்டும் கொடுத்தோன் ஒருவனே. ஆயினும் வாசியுடைய காசினால் உண்போர் காத்திருக்க நேர்ந்தது.

சூடானுக்குச் சென்ற காசில் எத்துணை வாசி இருந்தது என்பதைக் கேளுங்கள். போர் மூண்டவுடன் அயல்நாட்டுத் தாபனத்தாரிற் பலர் கார்ட்டூமை விட்டு அகன்றனர். அகலாதிருந்தவர் அவ்வூர்த் தெருக்களில் வாழ்ந்த இளைஞரும் பெண்டிரும். அவர்கள் 'அவசரத் துணை அறைகள்' என்ற பெயரால் பகுதிதோறும் குழுக்கள் அமைத்தனர். அறுவடைக்கும் வீடு கட்டுதற்கும் ஊரார் கூடிக் கைகொடுக்கும் 'நபீர்' என்னும் பழவழக்கம் அந்நாட்டில் உண்டு. அதுவே இவற்றிற்கு வேர். அவர்கள் நடத்தும் பொது அடுக்களைக்குத் 'தக்கியா' என்று பெயர். அச்சொல் பழங்காலத்தில் சூபி ஞானியர்தம் மடங்களில் வழிப்போக்கர்க்கும் வறியார்க்கும் உணவிடும் இடத்தைக் குறித்தது. மடத்தையும் அன்னசத்திரத்தையும் அறிந்த நமக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. பெரிய அண்டாவில் பருப்போ மொச்சையோ வெந்துகொண்டிருக்கும். கலமேந்திக் குழந்தைகள் வரிசையில் நிற்கும். இவ்வளவே அதன் அமைப்பு. அயல்நாட்டில் வாழும் சூடானியர் கைப்பேசி வழியாக அனுப்பும் சிறுதொகைகளே தொடக்கத்தில் அதன் முதல். இத்தொண்டருட் பலர் இருதிறத்துப் படையினராலும் சிறைப்பட்டனர்; சிலர் கொல்லப்பட்டனர். 2025இல் நார்வே நாட்டின் ராப்டோ பரிசிலும் ஸ்வீடன் நாட்டின் நேர்வாழ்வுப் பரிசும் அவர்களுக்கு வழங்கப்பட்டன.

கைத்தொண்டு செய்வார் இவர். ஆயின் உலகின் பெருங்கொடை இவர் கையை எளிதில் அடைவதில்லை. கொடுக்கும் அரசிடமிருந்து பெருந்தாபனத்திற்கும், அதனிடமிருந்து மற்றொரு தாபனத்திற்கும், அதனிடமிருந்து உள்ளூர்ச் சங்கத்திற்குமாகப் படியிறங்கி வருவதற்குள் காசும் குறைகின்றது, காலமும் கழிகின்றது. பதிவுச் சான்று எங்கே, வங்கிக் கணக்கு எங்கே, அயல்மொழியில் எழுதிய திட்ட விண்ணப்பம் எங்கே என்று, குண்டு வீழும் தெருவிலிருப்பவனை வினவுகின்றனர். துயர்துடைப்புப் பொருளில் நான்கிலொரு பங்கினை 2020க்குள் உள்ளூரார் கையில் இயன்றவரை நேராகச் சேர்ப்போம் என்று 2016இற் பேரரசுகளும் பெருந்தாபனங்களும் கூடி உடன்படிக்கை செய்தன. அவ்வாண்டு வந்து சென்றது, அவ்வளவு சேரவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசாங்கம் தன் அயல்நாட்டு உதவியைத் திடீரென நிறுத்திவைத்தபோது, அவ்வுதவியைச் சார்ந்திருந்த அடுக்களைகளிற் பெரும்பகுதி சில வாரங்களுக்குள் அடுப்பணைந்தன. ஒரே ஊற்றினை நம்பிய கால்வாயின் கதி அது. பல சிறு கட்டளைகளால் நடக்கும் கோயிலில் ஒரு கட்டளை நின்றாலும் பூசை முற்றும் நின்றுவிடுவதில்லை என்பதை மடத்து நிருவாகம் அறிந்தோர் அறிவர்.

வாசி நீங்கல் வேண்டுமென்றது கொண்டு, கணக்கே வேண்டாவென்று யாம் கூறியதாகக் கொள்ளற்க. அத்தொண்டர் செலவுச் சீட்டும் கணக்கும் அனுப்பியே வருகின்றனர். இன்ன நாளில் இன்னார் வாங்கிய பருப்பு இவ்வளவு என்பது கணக்கு; பருப்பு வாங்குதற்கு முன் மூன்று திங்கள் காத்திருக்கச் செய்வது வாசி. இவ்விரண்டினையும் ஒன்றென மயங்குதல் கொடையாளர் பலர்பாற் காணப்படும் குற்றம்.

இனித் தடைகளை நோக்குவோம். அண்டை வீட்டான் பசித்திருப்பச் சேய்மைக்கண் உள்ளானுக்கு ஈதல் முறையோ எனின், அண்மை முதலுரிமை தரும், முழுவுரிமை தாராது. மேலும் இத்தடை நிகழ்த்துவோர் அண்டை வீட்டானுக்கு யாது ஈந்தனர் என்பதும் வினவத்தக்கதே. 2019 ஏப்ரலிற் பாரிஸ் நகரத்து நோத்ர தாம் என்னும் பெருங்கோவில் தீப்பற்றியபோது, சில நாட்களுக்குள் 80 கோடி யூரோவிற்கு மேல் வாக்களிக்கப்பட்டது. கொடுத்தோரில் அந்நகரத்தின் அண்டையார் அல்லாதவரும் பலர். தழலைத் திரையிற் கண்டது ஒன்றே அவர்க்கு அண்மையாயிற்று. இந்நாளில் அண்மை என்பது காதவழியால் அளக்கப்படுவதன்று என்பது இதனாற் பெறப்படும். அதனைத் தேர்ந்துகொள்ளும் உரிமை நமக்கும் உண்டு. பலரும் ஈயுமிடத்து ஈந்த நூறு ரூபாயும், எவரும் ஈயாவிடத்து ஈந்த நூறு ரூபாயும் எண்ணால் ஒக்கும், பயனால் ஒவ்வா.

அற்றேல், அனுப்பிய பொருள் கொள்ளைபோமே எனின், போதல் உண்மையே. 2023 டிசம்பரில் கெசீரா மாநிலத்து வத் மதனி நகர் துணைப்படையின் கைப்பட்டபோது, உலக உணவுத் திட்டத்தாரின் கிடங்கிலிருந்து ஏறத்தாழ 15 லட்சம் பேருக்கு ஒரு திங்களுக்குப் போதுமான உணவு கொள்ளையிடப்பட்டது. ஆயின் எது கொள்ளைபோயிற்று என்று காண்க. மலைபோற் குவித்த மூட்டை கொள்ளைபோயிற்று. அன்றன்று வாங்கி அன்றன்று சமைத்து அன்றே உண்டு தீரும் அண்டாவைக் கொள்ளையிட்டு விற்றல் எளிதன்று. அங்கும் படையினர் மிரட்டிப் பணம் பறித்தல் உண்டெனினும், இழப்பு சிறிதாம்.

எல்லாவற்றினும் வலிய தடை இனி வருவது. போரினால் வந்த பசி கஞ்சியினால் தீராது. போர் நிற்றல் வேண்டும். நாம் சோறிடுவதனால் மக்களைப் பட்டினியிட்டோர் பழியினின்றும் தப்புகின்றனர். ஆதலிற் கொடை அநீதிக்குத் துணையாகின்றது என்பது அது. இதனை எளிதில் தள்ளிவிடல் கூடாது. சாட் நாட்டின் எல்லையிலுள்ள அத்ரே என்னும் வாயில் தார்பூருக்கு உணவு செல்லும் வழிகளுட் சிறந்தது. அதனைச் சூடானிய அதிகாரிகள் 2024 பிப்ரவரியில் அடைத்தனர். ஆகஸ்டு நடுவிலேயே மீண்டும் திறந்தனர். பஞ்சம் சம்சம் முகாமைப் பற்றியது அவ்விடைக்காலத்தில். மற்றத் திறத்தாரோ எல் பாஷரைச் சுற்றி வளைத்து உணவு புகாமற் காத்தனர். வானம் பொய்த்து வந்ததன்று இப்பஞ்சம்; மனிதர் வாயிலடைத்து வந்தது. இதனைச் சொல்லாது சோறு மட்டும் இடுவோன் பாதி உண்மையையே ஈகின்றான். சொன்னாலோ, களத்திலுள்ள தாபனத்தார்க்கு அனுமதி மறுக்கப்படுகின்றது, சோறும் நின்றுபோகின்றது. இவ்விரண்டிற்கும் இடையே அகப்பட்டு அவர்கள் வாய்மூடியிருத்தலை யாம் பழிக்கமாட்டோம். ஆயின் அந்த மௌனம் களத்திலிருப்போர்க்கே உரியது. பாதுகாப்பான ஊரிலிருந்து பொருள் அனுப்புவோர்க்கு அது வேண்டுவதில்லை. அவர்களும் வாய்மூடியிருப்பின் அஃது எச்சரிக்கையன்று, சோம்பல்.

இவ்விரண்டும் ஒருவரிடத்தே கூடுதற்கு நம்முள்ளே முன்மாதிரி உண்டு. யாழ்ப்பாணத்தில் 1876, 1877ஆம் ஆண்டுகளையொட்டிப் பஞ்சமும் பேதிநோயும் வந்தபொழுது, ஆறுமுக நாவலரவர்கள் கஞ்சித்தொட்டித் தருமம் நடாத்தினார்கள். அதனோடு அமைந்தார்களா? அரசாங்க அதிபராயிருந்த துவைனம் துரையின் ஆட்சிக் குறைகளையும் அஞ்சாது எழுதிக் கண்டித்தார்கள். அகப்பை ஒரு கையிலும் எழுதுகோல் மறுகையிலுமாக நின்ற அந்நிலையே இத்தடைக்குத் தக்க விடை என்று எமக்குத் தோன்றுகின்றது.

பசித்தோர் நம் சமயத்தவர் அல்லரே என்று ஒரு சிலர் மனத்துள் எழக்கூடிய ஐயத்திற்கு இடமே இல்லை. உயிர்கள் அனைத்தும் பதியின் உடைமை என்பார்க்கு, அவ்வுடைமையுட் சிலவற்றிற்கு மட்டும் சோறிடுக என்னும் விதி எங்கிருந்து வரும்?

ஆகவே செய்யத்தகுவது யாது? உலகளவில் ஒரு சிறு தொடக்கம் ஏற்பட்டுள்ளது. ஐக்கிய நாடுகள் சபையார் 2005இல் தீர்மானித்து 2006 முதல் நடத்திவரும் மத்திய அவசர நிதியில், பொருட்குறையுள்ள துன்பங்களுக்கென்றே ஒரு பகுதி பிரித்துவைக்கப்பட்டு, எவ்விடத்திற்குத் தேவைக்கும் வரவுக்கும் இடைவெளி மிகுதி என்று கணக்கிட்டு வழங்கப்படுகின்றது. நிமித்தம் நோக்காது குறை நோக்கி ஈயும் இம்முறை நித்தியத்தின் பாற்படும். தொகைதான் தேவைக்கு மிகச் சிறிது. ஐரோப்பிய ஒன்றியத்தாரும் மறக்கப்பட்ட துன்பங்களை ஆண்டுதோறும் மதிப்பிட்டுத் தம் உதவிப் பொருளில் ஒரு பங்கினை அவற்றிற்கு ஒதுக்குகின்றனர். நார்வே அகதிகள் மன்றத்தார் உலகம் மிகவும் புறக்கணித்த பத்து இடங்களைப் பட்டியலிட்டு வெளியிடுகின்றனர். 2022, 2023 ஆகிய இரண்டாண்டுகளின் பட்டியலிலும் புர்க்கினா பாசோவும், 2024இன் பட்டியலிற் காமரூனும் முதலிடம் பெற்றன. சூடானின் பெயரையேனும் செய்தி படிப்போர் சிலர் அறிவர். இவ்விரு நாடுகளின் துன்பத்தைப் பற்றி நம்முள் எத்தனைபேர் ஒருமுறையேனும் பேசியுள்ளோம்?

தனி மனிதர் செய்யத்தகுவது இதனினும் எளிது. வருவாயில் இவ்வளவு என்று ஒரு பங்கினை வரையறுத்து, செய்தி வரினும் வாராவிடினும், மனம் உருகினும் உருகாவிடினும், திங்கள்தோறும் அதனை எடுத்துவைத்தல் வேண்டும். எவ்விடத்திற்கு என்பதை ஆண்டிற்கொருமுறை, உள்ளம் அமைதியாயிருக்கும் நாளில், பட்டியலை வைத்து ஆராய்ந்து முடிவுசெய்தல் வேண்டும். பின் அவ்வாண்டு முழுதும் அதனை மாற்றலாகாது. கண்ணீர் வரும்போது கூடுதலாக ஈவதை இது தடுப்பதன்று. நைமித்திகம் நித்தியத்தின்மேல் நிகழ்வதே முறை. பலர் கூடி ஒரு தொகையாக்கி ஈயின், ஓர் அடுக்களையை ஆண்டு முழுதும் தாங்குதலும் இயலும். இடைநிற்கும் படிகள் குறைந்த தாபனத்தையே அவர்கள் நாடல் வேண்டும்.

மடங்களைப் பற்றி ஒரு சொல். ஒரு நோக்கத்திற்கென எழுதிவைத்த கட்டளைப் பொருளை, எத்துணை நல்லதாயினும், வேறொன்றிற்குத் திருப்புதல் தகாது. அது வைத்தோர்க்குச் செய்யும் துரோகமாம். அன்றியும், 1961ஆம் ஆண்டின் இந்திய வருமானவரிச் சட்டம், அறநிலையத்தார் நாட்டிற்குப் புறத்தே செலவிடும் பொருளுக்குத் தனியாணை பெற்றாலன்றி வரிவிலக்கு அளித்திலது. ஆதலின் பழைய கட்டளைகளைத் தொடாது, அன்பர்கள் தம் சொந்தப் பொருளால், வரிவிலக்கினை எதிர்பாராது, புதிதாக ஒரு கட்டளை தொடங்குவதே நேரிய வழி. திருமடங்கள் பொருளீயாவிடினும் வேறொன்று ஈதல் கூடும். அஃது அவைதம் வெளியீடுகளில் ஒரு பக்கம். மேற்கூறிய பட்டியல் அண்மை ஆண்டுகளில் வைகாசித் திங்களில் வெளிவருகின்றது. அதனைத் தமிழில் எழுதி, ஒவ்வோரிடத்திலும் பசிக்குக் காரணம் யாது, வாயிலை அடைத்தோர் யாவர், அங்கே அடுப்பெரிப்போர் யாவர் என்னும் மூன்றினையும் குறித்து ஆனி மாதத்து இதழில் வெளியிடலாம். அவ்விதழ் கைக்கு வந்த நாளே அவ்வாண்டின் கட்டளைக்குக் கணக்குத் தொடங்கும் நாளாக அமையலாம்.